காலண்டரில் தேதி தெரிகிறது, குழந்தையின் முகம் தெரியவில்லை

கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டுடியோ வைத்துக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் கல்யாணமும் சீரும் காதுகுத்தும் படமெடுத்து வரும் எனக்கு, முகூர்த்த மாதங்கள் முடிந்த கையோடு ஒரு வேலை தவறாமல் வந்து சேரும். வீட்டு விசேஷத்தைச் சொந்தக் கேமராவில் எடுத்தவர்கள் மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்து ஆல்பம் போட்டுத் தரச் சொல்வார்கள். வாசலில் பந்தலுக்கு வெளியே பகலில் எடுத்தவை பளிச்சென்று இருக்கும். வீட்டுக் கூடமான ஆசாரத்துக்குள்ளும் சமையற்கட்டிலும் எடுத்தவை பெரும்பாலும் கலங்கியிருக்கும்.

காங்கேயம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், தங்கை மகளின் காதுகுத்துப் படங்களைத் திரையில் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, கேமராவுல ஏதாச்சும் கோளாறுங்களா? இல்லீன்னா இதைவிடப் பெரிய கேமராவா வாங்கோணுங்களா?" என்று கேட்டார். அவர் வைத்திருந்தது நல்ல கேமராதான். அதனுடன் வந்த 18-55 எம்எம் ஜூம் லென்ஸும் (18-இல் அகலமாகக் காட்டும், 55-இல் அருகே இழுத்துக் காட்டும்) பழுதில்லாததுதான். ஆகவே பதில் சொல்லும் முன், அவருடைய ஒரு படத்தையே பெரிதாக்கிக் காட்டினேன்.

தாய்மாமன் மடியில் குழந்தை. அவருக்குச் சற்றுப் பின்னே சுவரில் மாட்டிய நாட்காட்டியில் அன்றைய தேதியும் நல்ல நேரமும்கூடப் படிக்க முடிந்தது. தாய்மாமனின் சட்டைப் பொத்தானில் நான்கு துளைகளையும் எண்ணலாம். குழந்தையின் முகம் மட்டும் ஈரக்கையால் தேய்த்த கோலம் போலக் கலைந்திருந்தது. படத்தோடு பதிவாகியிருந்த எண்களைப் பார்த்தேன்: ஷட்டர் வேகம், அதாவது ஒளி பதிய ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/6 நொடி; அபெர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 5.6 (எண் குறையக் குறையத் துளை பெரிது); ஐஎஸ்ஓ, அதாவது ஒளியைக் கேமரா உணரும் திறன், 400. கோளாறு கேமராவில் இல்லை, அந்த 1/6 என்ற எண்ணில்தான் இருந்தது.

கலங்கல் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். படத்தில் உள்ள எல்லாமே, சுவர், விளக்கு, ஆட்கள் என ஒன்றுவிடாமல், ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமராவைப் பிடித்த கை அசைந்திருக்கிறது. குத்துவிளக்கின் சுடர் சிறு கோடாக நீண்டிருப்பது இதற்கு நல்ல அடையாளம். அசையாத பொருள்கள் தெளிவாக இருந்து, ஆள் மட்டும் கலைந்திருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். இழுபட்ட தடமே இல்லாமல் முகம் மிருதுவாகி, அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள வேறொன்று கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. குழந்தையும் தாய்மாமனின் பொத்தானும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தன. பொத்தான் தெளிவாக இருந்ததால் ஃபோகஸில் குறையில்லை. நாட்காட்டி தெளிவாக இருந்ததால் கையும் பெரிதாக அசையவில்லை. லென்ஸில் இருந்த அசைவு தணிப்பு வசதி தன் கடமையைச் செய்திருக்கிறது. ஆனால் அந்த வசதி நம் கையின் நடுக்கத்தை மட்டுமே ஈடுகட்டும். ஊசியைக் கண்டு தலையைத் திருப்பும் குழந்தையை அது எப்படி நிறுத்தும்?

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் எதிரில் நடப்பதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிகிறது. 1838-இல் பாரிஸ் நகரத் தெரு ஒன்றை லூயி தகேர் படமெடுத்தபோது, பல நிமிடங்கள் ஒளி பதிய வேண்டியிருந்ததால், அத்தெருவில் சென்ற வண்டிகளும் மனிதர்களும் தடமே இல்லாமல் மறைந்துபோனார்கள். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் அடையாளம் தெரியும்படி பதிந்தார். நம் ஆசாரத்தில் 1/6 நொடியில் நடப்பதும் அதே கதைதான், அளவு மட்டுமே சிறியது.

வீட்டுக்குள் வெளிச்சம் போதுமானதாகவே நமக்குத் தோன்றும். கண் அந்த இடத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் வரும் மயக்கம் அது. நண்பகல் வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்றால், ஒரு டியூப்லைட் எரியும் அறையில் 100 லக்ஸ் அளவுக்கே இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியை வைத்துக்கொண்டு கேமரா என்ன செய்யும்? தானியங்கி நிலையில் விட்டால், ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து அதை ஈடுகட்டப் பார்க்கும். எதிரில் இருப்பது கோயில் தூணா, துள்ளும் குழந்தையா என்பதை எல்லாக் கேமராக்களும் அறிவதில்லை.

காங்கேயத்துக்காரருக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ இரட்டிப்பானால், அதே வெளிச்சத்தில் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் பாதியாகும். 400-ஐ 3200 ஆக்கினால் எட்டு மடங்கு. 1/6 நொடி ஏறத்தாழ 1/50 நொடியாகிவிடும். அடுத்து, அவர் தூரத்தில் நின்றுகொண்டு லென்ஸை 55 வரை இழுத்து எடுத்திருக்கிறார். இத்தகைய லென்ஸ்களில் 55-க்கு இழுத்தால் அபெர்ச்சர் எஃப் 5.6-க்குமேல் திறக்காது; 18-இல் வைத்தால் எஃப் 3.5 வரை திறக்கும். இது இரண்டரை மடங்கு ஒளி. ஆக, ஜூமை விட்டுவிட்டு நாலு எட்டு முன்னால் போய் நின்றிருந்தால், அதே கேமராவில், அதே லென்ஸில், அதே விளக்கில் 1/125 நொடி கிடைத்திருக்கும். ஒரு ரூபாய் செலவில்லை. அகலக் கோணத்தில் முகத்துக்கு மிக அருகில் சென்றால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், முகம் மட்டும் வேண்டாம், மடியும் சீர்த்தட்டும் சேர்ந்து வரும்படி எடுப்பது நல்லது.

ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்று பலர் அஞ்சுகிறார்கள். விழும்தான். ஆனால் புள்ளி விழுந்த படத்தை 4×6 அளவில் அச்சிட்டால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அசைந்த படமோ எந்த அளவில் அச்சிட்டாலும் அசைந்த படம்தான். புள்ளியைக் குறைக்க மென்பொருள் இருக்கிறது. கலைந்துபோன முகத்தைக் கூர்மையாக்குவதாகச் சொல்லும் மென்பொருள்களும் இப்போது வந்துவிட்டன; அவை இல்லாத கண்ணிமையை ஊகித்து வரைகின்றன, அது நம் வீட்டுக் குழந்தையின் கண்ணிமை அல்ல. ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம் என்பதும் பெரும்பாலும் வீண் வேலை. அப்போது புள்ளிகள் இன்னும் கூடுதலாகவே வெளிப்படும்.

எத்தனை வேகம் வேண்டும் என்பது எதிரில் இருப்பவரைப் பொறுத்தது. படத்துக்கென்று நிற்கும் பெரியவர்களுக்கு 1/60 போதும். பேசிச் சிரித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 1/125, ஓடியாடும் பிள்ளைகளுக்கு 1/250 என்று நான் வைத்துக்கொள்வேன். கையசைவுக்கு வேறொரு பழைய விதி உண்டு: லென்ஸின் குவியத் தொலைவு (18, 50, 55 என்று லென்ஸில் குறித்திருக்கும் எம்எம் எண்) எவ்வளவோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேற்பட்ட வேகம் வேண்டும், சென்சார், அதாவது ஒளியைப் பதியும் சில்லு, சிறியதாக உள்ள கேமராக்களில் அந்த எண்ணையும் ஒன்றரையால் பெருக்க வேண்டும். அத்தகைய கேமராவில் 50 லென்ஸுக்கு 1/75-க்குக் குறையக் கூடாது என்று இதற்குப் பொருள்.

கேமராவைத் தொடும் முன் ஒளியைத் தேடுவதுதான் என் வழக்கம். நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளில் நடுவாசலை ஒட்டிய திண்ணையைப் போல ஒரு ஸ்டுடியோவை நான் காசு கொடுத்தும் கட்ட முடியாது. ஓட்டு வீட்டில் எங்காவது ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். பகல் விசேஷமானால் அதன் வெளிச்சம் இறங்கும் இடத்துக்கு அருகில், நேர் வெயில் முகத்தில் படாமல், பாயை இழுத்துப் போடச் சொல்வேன். இரவானால், விளக்குக்கு அருகில் ஆளை அழைத்து வருவேன். சிறிய விளக்கிலிருந்து தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். ஐஎஸ்ஓவை இரண்டு படி, அதாவது இருமுறை இரட்டிப்பாக, ஏற்றுவதற்கு இது சமம். "அம்மிணி, அந்த லைட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்ல எதற்கு வெட்கம்?

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைகளை நீட்டித் திரையைப் பார்த்து எடுப்பதைவிட, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் இருந்தால் அதைக் கண்ணோடு ஒட்டி, முழங்கைகளை விலாவில் பதித்து, தூணிலோ கதவு நிலையிலோ சாய்ந்துகொண்டு, மூச்சை மெல்ல விட்டு, பொத்தானைக் குத்தாமல் அழுத்துவது எவ்வளவோ மேல். தொடர்ந்து மூன்று நான்கு படம் எடுத்தால் விரல் அழுத்தத்தின் அதிர்வு அடங்கிய நடுப்படம் பெரும்பாலும் நன்றாக வரும். ஸ்டேண்ட் இல்லாதவர்கள் துணிப்பையில் அரைப்பங்கு அரிசி நிரப்பி, திண்ணைமேல் வைத்து, அதில் கேமராவை அழுத்தி உட்கார வைத்து, 2 நொடி டைமரில் எடுக்கலாம். பூஜையறை, சீர்வரிசைத் தட்டுகள் போன்ற அசையாதவற்றுக்கு இது அருமையான வழி.

அசையாதவற்றுக்கு மட்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2011-இல் விடிகாலை முகூர்த்தம் ஒன்று. மண்டபத்தில் மேடை விளக்கு மஞ்சளாகவும் மங்கலாகவும் இருந்தது. அசைவு தணிப்பு உள்ள லென்ஸைப் புதிதாக வாங்கியிருந்த மிதப்பில், 1/15 நொடியில் பிளாஷ் இல்லாமல் தாலி கட்டுவதை எடுத்தேன். கேமராத் திரையில் சிறிதாகப் பார்த்தபோது ஓவியம் போல இருந்தது, பெரிதாக்கிப் பார்க்கவில்லை. மணமக்களின் முகமும் மாலையும் தெளிவு. முடிச்சுப் போட்ட விரல்களும், பின்னால் நின்று உதவிய நாத்தனாரின் கையும் வெறும் புகை. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் தகப்பனார் கோபிக்கவில்லை. "கையைக் காணமுங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். இன்றுவரை எந்த விசேஷத்திலும் முதல் படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்காமல் இரண்டாவது படம் எடுப்பதில்லை.

இணைச்சீர், தாலி கட்டுதல் போன்ற கையசைவு மிகுந்த சடங்குகளுக்கு 1/125-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். மங்கல வாழ்த்துப் பாடும்போது சபையே அடங்கிக் கேட்கும். அப்போது 1/60-இலும் நல்ல படம் கிடைக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தொடக்கமும் ஒரு நிறுத்தமும் உண்டு. மூத்தவர்கள் அட்சதை தூவும் கை உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும், அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதும் ஒரு ஷட்டர் வேகம்தான்.

காசு செலவழிக்க முடிந்தவர்களுக்கு என் முதல் பரிந்துரை புதிய கேமரா அல்ல, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ். எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை அது உள்ளே விடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: சிறிய சென்சார் கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் பதினொரு சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் செய்தபின் நீங்கள் சற்று முன்னால் சாய்ந்தாலும் கண் போய்க் காது தெளிவாகிவிடும். இரண்டு வரிசையாக ஆட்கள் நின்றால் எஃப் 4-க்காவது குறுக்கிக்கொள்ளுங்கள். இருட்டில் ஃபோகஸ் அலைந்தால், வெறும் வெள்ளை வேட்டியிலோ சுவரிலோ குறிவைக்காமல், அதே தூரத்தில் உள்ள சேலையின் ஜரிகைக் கரையில் நடுப்புள்ளியை வைத்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு படத்தை அமையுங்கள்.

பிளாஷைப் பற்றி இருவேறு மூடநம்பிக்கைகள் உள்ளன: அதைத் தொடவே கூடாது என்பது ஒன்று, அதைப் போட்டால் எல்லாம் சரியாகும் என்பது மற்றொன்று. பிளாஷ் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி அல்லது அதற்கும் குறைவான நேரமே மின்னுவதால் அசைவை நிறுத்திவிடும் என்பது உண்மை. ஆனால் கேமராவோடு இருக்கும் சிறு பிளாஷ், ஐஎஸ்ஓ 100-இல் எஃப் 5.6 வைத்தால், பெரும்பாலும் இரண்டு மீட்டரைத் தாண்டாது. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் நான்கு மீட்டர். மண்டபத்தின் பத்தாவது வரிசையிலிருந்து மேடையை நோக்கி மின்னும் பிளாஷ்கள் முன்வரிசைக்காரரின் தலைமுடியைத்தான் படமெடுக்கின்றன. தனி பிளாஷ் இருந்தால் வெள்ளைக் காங்கிரீட் கூரைமேல் திருப்பி அடிக்கலாம்; கைமரமும் சட்டமும் புகையேறிக் கறுத்த ஓட்டுக்கூரை அந்த ஒளியை விழுங்கிவிடும், அங்கே பக்கத்து வெள்ளைச் சுவர்தான் உதவும்.

இரண்டு சிறு செய்திகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன; படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் 1/100 அல்லது 1/50-க்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் சரியாக வைத்தும் படம் முழுவதும் பனிமூட்டமாக இருந்தால் லென்ஸைத் துடையுங்கள். சீர் வீட்டில் எண்ணெய் விரலும் கற்பூரப் புகையும் படாத லென்ஸ் கிடையாது.

சென்னிமலையில் ஒரு கைத்தறி நெசவாளரைப் படமெடுத்தபோது நானே வேண்டுமென்று 1/15 வைத்ததும் உண்டு. கேமரா ஸ்டேண்டில், நெசவாளரின் முகம் பாவின்மேல் நிலைத்திருக்க, ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா மட்டும் ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. அசைவு எங்கே விழ வேண்டும் என்று நாம் தீர்மானித்தால் அது படம்.

காங்கேயத்துக்காரருக்கு ரசீதின் பின்புறத்தில் இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன்: சுழல் பொத்தானை எஸ் (S) அல்லது டிவி (Tv) நிலைக்கு, அதாவது ஷட்டர் வேகத்தை நாமே குறிக்கும் நிலைக்கு, திருப்பவும், ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 6400, லென்ஸ் 18-க்கு அருகில், விளக்குப் பக்கம் போகவும், படம் இருட்டாக வந்தால் மட்டும் 1/60-க்கு இறங்கவும். "புள்ளி விழுகுமுங்களே?" என்றார். "விழுகட்டுமுங்க" என்றேன். இரண்டு மாதம் கழித்து, புதுமனை புகுவிழாப் படங்களோடு வந்தார். பால் பொங்கும்போது அதே குழந்தை கைதட்டிக்கொண்டிருந்தது; பெரிதாக்கிப் பார்த்தபோது தோட்டின் சிவப்புக் கல்லும், உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையும் தெரிந்தன. பின்சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைத்தான் படிக்க முடியவில்லை.