அயனி மடை: ‘சேனல்’ என்பதற்கு டெல்டாவில் ஒரு சொல்

‘சிறுநீரகத்தில் அயனிக் கடத்தல் புரதங்கள்’ என்று தலைப்பெழுதி மேசையில் வைத்திருந்த தாளைப் பெரியப்பா எடுத்துப் பார்த்தார். “கடத்தலா? என்னத்தடா கடத்துறானுங்க, மணலா?” என்றார். டெல்டாவில் கடத்தல் என்றால் வேறென்ன நினைவுக்கு வரும்?

“உப்பு, பெரியப்பா” என்றேன். இரத்த அழுத்தத்துக்கு இருபது வருடமாக மாத்திரை போடுகிறவர். உப்பு என்றதும் உட்கார்ந்துவிட்டார்.

அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்கு பண்ணி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ‘அயனி’. உப்பைத் தண்ணீரில் கரைத்தால் சோடியமும் குளோரைடும் தனித்தனியாகப் பிரிந்து, ஒன்று நேர்மின்னூட்டமும் மற்றொன்று எதிர்மின்னூட்டமும் கொண்டு திரியும். கரைசலில் மின்சாரம் பாயும்போது மின்முனைகளை நோக்கி நகர்கிறவற்றுக்கு மைக்கேல் ஃபாரடே பெயர் தேடினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹ்யூவெல் கடிதம் எழுதிக் கிரேக்கச் சொற்களை எடுத்துக் கொடுத்தார். 1834-இல் அச்சேறிய ‘ion’ என்ற அந்தச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ‘போவது’ என்று பொருள். அதன் ஒலியை ஒட்டி நாம் அயனி என்கிறோம், இலங்கைத் தமிழர் அயன் என்கிறார்கள். வெறும் ஒலிபெயர்ப்புதானே என்று ஒதுக்க முடியவில்லை. உத்தராயணத்தில் இருக்கிற வடமொழி ‘அயனம்’ என்பதற்கும் ‘போதல்’ என்றே பொருள், இரண்டும் ஒரே மூல வேரிலிருந்து கிளைத்தவை. தை மாதம் சூரியன் வடக்கே போவதும் உப்புத் துகள் நீரில் போவதும் சொல்லளவில் பங்காளிகள். (குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அயனி ஒரு பலா மரம். அது வேறு.)

அடுத்து ‘கடத்து’. இது கட என்ற வினையின் பிறவினை, கடக்கச் செய்வது. ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலமும் ‘அக்கரைக்குச் சுமந்து போ’ என்பதுதான், ஆகவே பொருத்தத்தில் குறையில்லை. சிக்கல் வேறு இடத்தில். ‘மின்கடத்தி’ என்று கம்பிக்கு ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டோம். இப்போது ‘அயனிக் கடத்தி’ என்றால் செம்புக் கம்பி ஞாபகம் வருகிறது, ‘கடத்தல்’ என்றால் மணல் லாரி. ‘கடத்துபுரதம்’ என்று வினைத்தொகையாக எழுதினால் இரண்டு தொல்லையும் இல்லை. நான் அப்படித்தான் எழுதுகிறேன்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். செல்லின் சவ்வில் இருந்து அயனிகளைக் கடத்தும் இந்தப் புரதங்களில் ஒரு பெரிய வகைக்கு உலகம் முழுக்கச் ‘சேனல்’ என்று பெயர். அதைத் தமிழில் ‘அயனிக் கால்வாய்’ என்கிறார்கள், சிலர் ‘அயனித் தடம்’ என்கிறார்கள். மூலச் சொல் நாணலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது: நாணல், குழாய், வாய்க்கால் என்று பொருள் வளர்ந்திருக்கிறது. அகராதிப்படி கால்வாய் சரிதான். ஆனால் கால்வாய் என்றதும் எங்களுக்குக் கல்லணைக் கால்வாய், ஊர்ப்பேச்சில் புது ஆறு, மைல் கணக்கில் நீண்டு மனதில் ஓடுகிறது. செல்லின் சவ்வோ, ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் நாலைந்து பங்கு தடிமன். இந்தப் புரதம் அதன் குறுக்கே நிற்கிறது, திறக்கிறது, மூடுகிறது. நீளம் அதன் அடையாளமே இல்லை. திறப்பும் அடைப்பும்தான் அதன் வேலை. கரையின் குறுக்கே இருந்து திறந்து மூடுவதற்கு நம்மிடம் பெயர் இருக்கிறதே, மடை!

மடை பழைய சொல். செவிமடுத்தல் என்கிறோமே, அந்த ‘மடு’ உள்வாங்குவதைச் சொல்லும். வயலுக்குத் தண்ணீரை உள்ளே வாங்குகிற வாய்க்கும் அது பொருந்துகிறது. அணைப் பக்கம் ‘மதகு’ என்றும் ‘ஷட்டர்’ என்றும் சொல்வார்கள். அவை பெரியவை. வரப்பை மண்வெட்டியால் கொத்தித் திறப்பது மடை. புரதத்தின் அளவுக்கு அதுதான் தோது.

மடையில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகப் பாயும், செலவில்லை. அயனி மடையும் அப்படியே. செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு அயனி தானாகப் பாய்கிறது. எதிர்த்து ஏற்ற வேண்டுமென்றால்? வயல் மேடாக இருந்தால் அந்தக் காலத்தில் இறைகூடை, இப்போது எஞ்சின். செல்லில் அந்த எஞ்சின் சோடியம்-பொட்டாசியம் பம்பு. ‘எக்கி’ என்று சிலர் எழுதுவதைவிட ‘இறைப்பி’ எனக்குப் பிடிக்கிறது, இறைத்தல் எல்லோருக்கும் தெரிந்த வினை. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌ 1957-இல் இதைக் கண்டறிந்து எழுதினார், 1997-இல் நோபல் பரிசில் பங்கு வந்தது. டீசலுக்குப் பதில் ஏடிபி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு. ஒரு ஏடிபிக்கு மூன்று சோடியத்தை வெளியே இறைத்து இரண்டு பொட்டாசியத்தை உள்ளே விடும். சிறுநீரகச் செல்லில் இது இரத்தத்தின் பக்கம் ஓயாமல் இறைத்துச் செல்லுக்குள் சோடியத்தைக் குறைத்து வைப்பதால்தான், மறுபக்கம் சிறுநீர் நுண்குழலிலிருந்து சோடியம் மடை வழியே சரிந்து உள்ளே வருகிறது. எஞ்சின் நின்றால் மடை திறந்திருந்தும் பயனில்லை.

என் சொல்லில் ஒரு ஓட்டை உண்டு. வயல் மடை எதையும் தரம் பிரிக்காது. அயனி மடை பிரிக்கும். 1998-இல் ராடரிக் மக்கினன் குழு ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய மடையின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டியது. சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது, ஆனாலும் அதில் நுழைய முடியாது. கெண்டையை விட்டுவிட்டு அயிரையைத் தடுக்கிற மடை! அயனி தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மடையின் வாயில் வரிசையாக உள்ள ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் பருமனுக்குச் சரியாக அமைந்து அந்தத் தண்ணீரின் இடத்தைப் பிடிக்கின்றன. சிறிய சோடியத்துக்கு அவை எட்டுவதில்லை.

சரி, சிறுநீரகம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் இருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. கிட்டத்தட்ட முழுவதும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. நுண்குழலின் தலைமாட்டிலேயே மூன்றில் இரண்டு பங்கும், நடுவில் கால் பங்கும் மீட்கப்படும். கடைசிக் குழலுக்கு வரும்போது மிச்சம் சில சதவீதம்தான்.

அதாவது கடைமடை. திருத்துறைப்பூண்டி பக்கம் இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்பதே பேச்சாக இருக்கும். ஊரில் கடைமடைக்காரன் எதையும் தீர்மானிப்பதில்லை, மேலே விட்டதுதான் அவனுக்கு. சிறுநீரகத்தில் நேர்மாறு. கடைசிச் சில சதவீதத்தைத் திருப்பி எடுப்பதா, போகவிடுவதா என்பதில்தான் இரத்த அழுத்தம் தொங்குகிறது. அங்கே உள்ள சோடிய மடையை ஈனாக் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1993, 94-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பெர்னார் ரோசியேயின் ஆய்வகத்தில் செசிலியா கனெசா முதலானோர் இதன் மரபணுக்களைப் பிரித்தெடுத்தனர். மூன்று துண்டுகள் சேர்ந்த மடை. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் இதற்கு லஸ்கர் (மதகு திறந்து மூடும் பாசனப் பணியாளர்), அது சொன்னால் திறப்பு கூடும்.

மடையை அகற்றவே முடியாமல் போனால் என்ன ஆகும்? 1963-இல் கிராண்ட் லிடில் ஒரு குடும்பத்தில் இளவயதிலேயே மிகை அழுத்தம் இருந்ததை எழுதினார். 1994-இல் ரிச்சர்ட் லிஃப்டன் குழு காரணத்தைக் காட்டியது: இந்தப் புரதத்தின் வால் பகுதி அறுந்திருக்கிறது. பழைய மடைகளைச் சவ்விலிருந்து எடுத்துப் போடுகிறவர்களுக்குப் பிடி அந்த வால்தான். பிடி இல்லாததால் மடைகள் அங்கேயே தங்கி உப்பை வாங்கிக்கொண்டே இருக்கின்றன.

“என் மாத்திரை இதையா அடைக்குது?” என்றார் பெரியப்பா. இல்லை, அவருடையது தயசைடு. அது இதற்கு ஒருபடி மேலே உள்ள, சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்தே ஏற்றும் புரதத்தை நிறுத்துகிறது. அந்தப் புரதம் பிடிபட்ட கதை எனக்குப் பிடிக்கும். 1993-இல் ஸ்டீவன் ஹீபர்ட்டின் ஆய்வகத்தில் மெக்சிகோக்காரரான ஹெரார்தோ காம்பா அதை ஒரு தட்டை மீனின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்தார், நம் நாக்கு மீன் வகையறா. அந்த மீனின் ஆர்என்ஏவைத் தவளை முட்டைக்குள் செலுத்தினால் முட்டை உப்பை உறிஞ்சும், தயசைடு விட்டால் உறிஞ்சாது.

இவ்வகைக்கு ‘உடன்கடத்தி’ என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. இதன் உறவுக்காரப் புரதம் ஒன்று சோடியம் ஒன்று, பொட்டாசியம் ஒன்று, குளோரைடு இரண்டு என நாலும் ஏறினால்தான் நகரும். மூன்றே பேர் என்றால் காத்திருக்கும். கொள்ளிடத்து ஓடத்தை நினைத்துக் ‘கூட்டோடம்’ என்று எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

“ஷேர் ஆட்டோன்னு வையேன்.”

தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.