அடைப்பா, கிழிசலா?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு ஈசிஜி எடுக்கும்போதே, விவரமான டாக்டர் இரண்டு கையிலும் பி.பி. பார்ப்பார். வலக்கையில் 170, இடக்கையில் 130 என்று வந்தால் உஷாராகிவிடுவார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி உள்ளே கிழிந்திருக்கலாம்.

மாரடைப்போடு ஒப்பிட்டால் அபூர்வம்தான். பெருந்தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. கைப்பையின் உள்துணி கிழிந்து, போட்ட சில்லறையெல்லாம் இரண்டு துணிக்கும் நடுவே போய் மாட்டிக்கொள்ளுமே, அந்தக் கதைதான். உள்ளடுக்கின் கிழிசல் வழியே ரத்தம் சுவருக்குள் புகுந்து, அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். வலி எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருக்கும். பலருக்கு முதுகுக்கும் பாயும். கைக்குப் போகும் குழாயை அந்தப் பிரிவு நசுக்கினால் அந்தக் கையில் பி.பி. குறையும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, அதனால் இரு கையும் சமமாக இருக்கிறதென்று நிம்மதியாகிவிடவும் முடியாது.

வம்பு எங்கே என்றால், கிழிசல் இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனியின் வாயை அடைத்துவிட்டால் ஈசிஜி அச்சு அசலாக மாரடைப்பு போலவே இருக்கும். அதை நம்பி ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டால் கசிவு நிற்காமல் உயிரே போகலாம். சந்தேகம் வந்தால் ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேனான சி.டி. ஆஞ்சியோ பார்த்துத்தான் தீர வேண்டும்.

சிகிச்சையில் எனக்குப் பிடித்த நுணுக்கம் மருந்தின் வரிசை. பி.பி. மட்டுமா கிழிக்கிறது? ஒவ்வொரு துடிப்பின் உதையும் சேர்ந்துதான். அதனால் முதலில் பீட்டா பிளாக்கர் கொடுத்து நாடித்துடிப்பை 60க்குக் கீழே இறக்குவார்கள். குழாய்களை விரிக்கும் மருந்து தேவைப்பட்டால் அதற்குப் பிறகே. மாற்றிக் கொடுத்தால், பி.பி. விழுந்ததும் இதயம் பதறியடித்துத் துடிக்கும், கிழிசல் நீளும்.

பெருந்தமனியின் கீழிறங்கும் பகுதியில் மட்டும் கிழிந்திருந்தால் பலருக்கு மருந்தே போதும். இதயத்தை ஒட்டிய பகுதி என்றால் உடனே ஆபரேஷன். கிழிந்த துண்டை வெட்டியெடுத்து டேக்ரான் என்ற பாலியஸ்டர் துணியாலான குழாயை வைத்துத் தைப்பார்கள். 1950களில் அத்தகைய குழாய்களை மனைவியின் தையல் மெஷினில் தைத்தவர் அமெரிக்க டாக்டர் மைக்கேல் டிபேக்கி. 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே பெருந்தமனி கிழிந்தது. இன்னதுதான் என்று அவரே கண்டுகொண்டார்; ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் மனமில்லை. 2006 பிப்ரவரியில் ஹூஸ்டனில், அவர் வகுத்த ஆபரேஷனையே அவருக்குச் செய்தார்கள். 2008 ஜூலை வரை இருந்தார்.