'கார்ட்டூன்தானே' என்று விட்டுவிடாதீர்கள்

ஐந்து வயதுப் பிள்ளை இரவில் தனியாகப் பாத்ரூம் போகாது. நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியிருக்கும். என்ன பார்க்கிறது என்று கேட்டால், "ஒண்ணும் இல்ல டாக்டர், கார்ட்டூன்தான்" என்பார்கள். விசாரித்தால் அது 'டீமன் ஸ்லேயர்', அரக்கர்களை வேட்டையாடும் கதை சொல்லும் அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்.

வரைந்த படம் என்றாலே குழந்தைக்கானது என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விடுங்கள். ஜப்பானில் மழலைகளுக்கும் அனிமே உண்டு, பெரியவர்களுக்கு மட்டுமான அனிமேயும் உண்டு. 2019இல் இந்தத் தொடர் டோக்கியோவில் ஒளிபரப்பானது சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு, பிள்ளைகள் தூங்கியபின். இதன் 2020 திரைப்படத்துக்கு ஜப்பானில் பி.ஜி.12 (12 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் வழிகாட்டல் தேவை), அமெரிக்காவில் ஆர் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்) சான்று. 'இது ஷோனென், அப்படியென்றால் சிறுவர் வகை' என்று வாதாடுகிறவர்களும் உண்டு. பதின்வயதுப் பையன்களை மனதில் வைத்து நடத்தும் காமிக்ஸ் பத்திரிகைகளின் வகைப்பெயர் அது. தணிக்கைச் சான்று அல்ல. மனிதர்களை ராட்சதர்கள் கடித்துத் தின்னும் 'அட்டாக் ஆன் டைட்டன்' வெளிவந்ததும் ஷோனென் பத்திரிகையில்தான். தமிழில் டப்பிங் வந்துவிட்டது என்பதாலும் எதுவும் மாறாது.

ரத்தம் தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. டீமன் ஸ்லேயரின் முதல் எபிசோடில் கதாநாயகன் தஞ்சிரோ வீடு திரும்பும்போது அம்மாவும் தம்பி தங்கைகளும் செத்துக் கிடக்கிறார்கள். பிழைத்த ஒரே தங்கை அரக்கியாகி அவன்மேலேயே பாய்கிறாள். சின்னக் குழந்தையை உலுக்குவது இதுதான். 15ஆம் எபிசோடிலிருந்து வரும் சிலந்தி மலையில் பிணங்கள் நூலில் ஆடும், மனிதத் தலையோடு சிலந்திகள் ஊரும், அங்கே குடும்பம்போல் வாழும் அரக்கர்களில் 'அம்மா'வாக இருப்பவள் அடிவாங்கி நடுங்குவாள். பின்னால் வரும் ஒரு பகுதி முழுவதும் யோஷிவாராவில் நடக்கிறது. அது பழைய டோக்கியோவின் விலைமாதர் குடியிருப்பு. பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

நல்ல தொடர்தான், மறுக்கவில்லை. தலை வெட்டுப்பட்டுச் சாம்பலாகும் அரக்கனின் கையைத் தஞ்சிரோ பற்றிக்கொண்டு அவனுக்காக வேண்டுவான். பதின்மூன்று வயதுக்கு அந்தக் கருணை புரியும். ஆறு வயதுக்கு உருண்ட தலை மட்டுமே மிஞ்சும்.

ஓடிடியில் முதலில் வயதுக் குறியைப் பாருங்கள்: யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ. மத்திய அரசின் 2021 விதிகளின்படி அது இருந்தே ஆகவேண்டும். வன்முறை, பயம் என்று காரணமும் பக்கத்திலேயே இருக்கும். பிறகு முதல் எபிசோடு, நடுவில் ஒன்று, கடைசிக்கு முந்தையது என மூன்றையாவது பிள்ளை இல்லாதபோது நீங்களே பாருங்கள். முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு ரிமோட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பிள்ளைக்குத் தனி புரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள். உங்கள் புரொஃபைலுக்கு பின் நம்பர் போடுங்கள், உங்கள் பிறந்த வருஷம் வேண்டாம். ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். யூடியூபில் வெட்டிப் போடும் சண்டைத் துண்டுகளுக்குப் பெரும்பாலும் இந்த வயதுக் குறி இருக்காது என்பதால் போனையும் கவனியுங்கள். என் கணக்கில் இந்தத் தொடர் பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஏற்கெனவே பார்த்துப் பயந்திருந்தால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்தமுறை மறைத்துப் பார்க்கும். எந்தக் காட்சி என்று கேளுங்கள், வரைந்து காட்டச் சொல்லுங்கள், சில நாள் விடிவிளக்கு எரியட்டும். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கம் சரியாகவில்லை என்றால் அழைத்து வாருங்கள்.