உப்பு சோடா பொங்குவதும் கேக் எழும்புவதும்

ராயபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பேக்கிங் புத்தகம் ஒன்று வாங்கி, கிராம் கணக்கு பிசகாமல் மூன்று தடவை வெண்ணெய் கேக் செய்தேன். மூன்றும் களி மாதிரி உட்கார்ந்துவிட்டன. கடைசித் தடவை சோடா உப்பை இரண்டு மடங்கு போட்டேன், சோப்பு மாதிரி கசந்ததுதான் மிச்சம். உனக்குக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். இருக்குமோ?"

கைராசிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்தப் புத்தகத்தைத் திறந்து தேவையான பொருட்களைப் பாருங்கள். 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று போட்டிருக்கும். யார் வீட்டு அறை? குளிர்தேசத்துச் சமையலறை, 18 முதல் 20 டிகிரி. தண்டையார்பேட்டையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் என் சமையலறையில் போன மே மாதம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், காலை பத்து மணிக்கே 34.

சோடா உப்பு கார்பன் டை ஆக்சைடு தரும், சூட்டில் வாயு விரியும், கேக் எழும்பும் என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். ஆனால் சோடா உப்பு மாவுக்குள் புதுக் குமிழி எதையும் ஏறக்குறைய உண்டாக்குவதே இல்லை. ஏற்கெனவே இருக்கிற குமிழிகளை ஊதிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான்.

இதை நம்ப முடியவில்லை என்றால் ஒரு கோலி சோடா வாங்கி டம்ளரில் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஆனால் வாயு இன்னும் தண்ணீரில் கரைந்தேதான் இருக்கிறது. இப்போது ஒரு சிட்டிகை உப்பைப் போட்டால் புஸ்ஸென்று பொங்கி வழியும். ஏதோ ரசாயன மாற்றம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உப்பு அங்கே எதனோடும் வினைபுரியவில்லை, தன் சொரசொரப்பில் ஒட்டியிருந்த துளித் துளிக் காற்றை உள்ளே கொண்டுபோனது, கரைந்திருந்த வாயு அந்தக் காற்றுப் பொட்டுகளுக்குள் புகுந்துகொண்டது.

ஏன் தனியாகக் குமிழி கட்டத் தெரியாதா அதற்கு? தெரியாது, பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும் இழுப்பு, விடாது. குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு பலமாக அதைச் சுற்றியுள்ள தண்ணீர் நசுக்கும். ஆரம் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் சுமார் 1.4 வளிமண்டல அழுத்தம் கூடுதலாகத் தாங்க வேண்டும், அதிலும் நூறில் ஒரு பங்கான 10 நானோமீட்டர் என்றால் 140! பிறக்கும்போதே நெரிபட்டுச் சாகிறது. அதுவே 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி தயாராக இருந்தால் அந்தக் கூடுதல் அழுத்தம் 0.014தான், வாயு சிரமமே இல்லாமல் உள்ளே போய்விடும். பலூனை ஊதும்போது முதல் மூச்சுக்குத்தானே கன்னம் வலிக்கிறது?

அந்தத் தயார்க் குமிழிகளை உள்ளே வைப்பதுதான் வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும் வேலை. சர்க்கரைப் பரல்களின் கூர்முனைகள் வெண்ணெயைக் கீறிக்கொண்டு போகும்போது காற்றையும் இழுத்துப் போகின்றன. மஞ்சள் வெண்ணெய் வெளுப்பதும் அதனால்தான், காசிமேட்டில் அலை நுரை வெள்ளையாகத் தெரிவதற்கும் இதே காரணம், லட்சக்கணக்கான குமிழிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன. ஆனால் குமிழி நிற்க வேண்டுமானால் வெண்ணெயில் கெட்டிக் கொழுப்புப் படிகங்களும் வேண்டும், இளகிய கொழுப்பும் வேண்டும். 20 டிகிரியில் இரண்டும் இருக்கும். 34-இல் அது கிட்டத்தட்ட எண்ணெய், எண்ணெயை எவ்வளவு அடித்தாலும் காற்று வந்த வழியே போய்விடும். சோடா உப்பைக் கூட்டினால் இருக்கிற நாலு குமிழி ஊதிப் பெருத்து உடைகிறது, மிஞ்சுகிற சோடியம் கார்பனேட் நாக்கில் சோப்பாகிறது.

மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், கைராசி என்று ஒன்று இல்லை, கைச்சூடு உண்டு. 'அந்த மூன்று நாளில் மாவைத் தொட்டால் பொங்காது' என்று பெண்களை ஒதுக்கி வைக்கும் பேச்சை இன்றைக்கும் எங்கள் தெருவில் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. இட்லி மாவில் வேலை செய்கிற பாக்டீரியாவுக்குக் காலண்டரா தெரியும்?

சரி, என்ன செய்யலாம். வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு, நம் ஊரில் பத்து நிமிஷத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளவென்று மின்னக்கூடாது. பாத்திரத்தை ஐஸ் தண்ணீர்த் தாம்பாளத்தில் உட்கார வைத்து அடியுங்கள். கடைச் சர்க்கரை பெரும் பரலாக இருந்தால் மிக்சியில் ஒரே ஒரு சுற்று போதும், மாவாகிவிட்டால் கீற முனை இருக்காது. வெளுத்து நுரைத்தபின் முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

போன ஞாயிறு இப்படித்தான் செய்தேன். நன்றாக எழும்பியது, நடுவில் மட்டும் கொஞ்சம் வேகவில்லை. இருபதாவது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது.