பெட்ரோல், டீசல் வரியை உயர்த்தினால் பருவநிலை மாற்றம் தணியுமா? நெல்லைக்காரருக்கு ஒரு விளக்கம்

வண்ணார்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ ஒரு பெட்ரோல் பங்க்கில் ஸ்கூட்டருக்கு இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு ரசீது கேட்டு வாங்கினால், அதில் லிட்டர் விலை, அளவு, தொகை ஆகியவை இருக்குமே தவிர, அந்தத் தொகையில் வரி எவ்வளவு என்பது இராது. லிட்டர் 101 ரூபாய், வரி 2025 ஏப்ரல் விகிதம் என்று வைத்துக்கொண்டால், அந்த இருநூறு ரூபாயில் ஏறத்தாழ 86 ரூபாய் வரி. எரிபொருள் வரியை இன்னும் உயர்த்தினால் புகை குறையும், பூமி சூடாவதும் மட்டுப்படும் என்ற வாதத்தை எடைபோட, இந்த 86 ரூபாய் எப்படி வருகிறது, எங்கே போகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோலும் டீசலும் 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டிக்குள் இன்னும் கொண்டுவரப்படாததால், அவற்றின் மீது மத்திய அரசு கலால் வரியும், மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியும் தனித்தனியே விதிக்கின்றன. 2025 ஏப்ரல் மாற்றத்தின்படி மத்திய அரசின் பங்கு பெட்ரோல் லிட்டருக்கு 21 ரூபாய் 90 காசு, டீசலுக்கு 17 ரூபாய் 80 காசு என்று இருந்தது. தமிழ்நாடு அரசு பெட்ரோலுக்கு 13 விழுக்காட்டுடன் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும், டீசலுக்கு 11 விழுக்காட்டுடன் 9 ரூபாய் 62 காசும் வாங்குகிறது. மத்திய அரசு பெட்ரோலில் வாங்கும் தொகையில் மாநிலங்களுடன் பங்கிட வேண்டிய அடிப்படை கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றவை சிறப்புக் கூடுதல் கலால் வரி, சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி), வேளாண் உள்கட்டமைப்பு செஸ் என்ற பெயர்களில் முழுவதும் மத்திய அரசிடமே தங்கிவிடுகின்றன. இவற்றில் எதுவும் பருவநிலைக்கென்று விதிக்கப்பட்டதன்று.

பருவநிலையை மனத்தில் வைத்து விதிக்கப்பட்டிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ. ஆனால் மேற்சொன்ன விகிதங்களை வைத்துப் பார்த்தால் ஒரு கிலோ கரியமில வாயுவுக்குப் பெட்ரோலில் சுமார் 19 ரூபாயும் டீசலில் சுமார் 13 ரூபாயும் வரியாக விழுகின்றன. அதாவது அதிகம் புகைவிடும் எரிபொருளுக்குக் குறைந்த வரி. நிலக்கரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. 2010-இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய ஆற்றல் செஸ் 2016-இல் 400 ரூபாய் ஆயிற்று; மறு ஆண்டே அது ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸாகப் பெயர் மாறி, 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டு, நிலக்கரிக்கான ஜிஎஸ்டி 5-இலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஒரு டன் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயுவை வெளியிடும் என்று கொண்டால், அந்த 400 ரூபாய் ஒரு கிலோவுக்கு முப்பது காசைக்கூட எட்டவில்லை. கிலோவுக்குப் பத்தொன்பது ரூபாய் கட்டும் ஸ்கூட்டர்காரரிடமே மேலும் கேட்பதைவிட, முப்பது காசோடு தப்பித்த இடத்தில் முதலில் கேட்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் எரிபொருள் வரியால் பயனே இல்லையா என்றால், அப்படியும் சொல்லிவிட முடியாது. விலை ஏறினால் மக்கள் உடனே வண்டியை நிறுத்திவிடுவதில்லை. வேலைக்கும் பள்ளிக்கும் போயே ஆக வேண்டும். ஆனால் அடுத்த வண்டி வாங்கும்போது மைலேஜ் பார்க்கிறார்கள், மின்சார ஸ்கூட்டரை விசாரிக்கிறார்கள், பஸ் வசதி உள்ள தெருவில் வீடு பார்க்கிறார்கள். ஆகவே வரியின் விளைவு முதல் ஆண்டில் சிறிதாகவும் பத்தாண்டுகளில் பெரிதாகவும் தெரியும். ஸ்வீடன் 1991-இல் கார்பன் வரியை, அதாவது கரியமில வாயுவின் அளவுக்கேற்ற வரியை, கொண்டுவந்தபோது வருமான வரியைக் குறைத்து அந்தச் சுமையை ஈடுகட்டியது. அந்த வரி இன்றும் நீடிக்கிறது. பிரான்சில் 2018-இல் அத்தகைய ஈடு இல்லாமல் எரிபொருள் வரி உயரவிருந்தபோது, காரை விட்டால் வேறு வழியில்லாத சிற்றூர் மக்கள் மஞ்சள் அங்கி அணிந்து சாலையை மறித்தார்கள். அரசு அந்த உயர்வைக் கைவிட்டது.

இந்தியாவில் நடந்ததோ வேறு. 2020 மே மாதம் கச்சா எண்ணெய் விலை சரிந்து கிடந்தபோது மத்திய அரசு பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை உயர்த்தியது. ஆனால் அந்த உயர்வு எண்ணெய் நிறுவனங்களின் கணக்கிலேயே ஈடாகிவிட்டதால் பங்க் விலையில் தெரியவில்லை. 2025 ஏப்ரலில் 2 ரூபாய் உயர்த்தியபோதும் அப்படியே. வாங்குபவரின் கண்ணில் படாத வரி அவருடைய பயணத்தை மாற்றாது. அது கஜானாவை நிரப்பும், அவ்வளவுதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். சேரன்மகாதேவிப் பக்கம் பிசான நெல் அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி என்ற அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. டீசல் ஏறினால் வாடகை ஏறும். ஆனால் முற்றிய நெல் டீசல் இறங்கும் வரை காத்திருக்காது. மழை மிரட்டும் நாளில் வரப்பில் நின்று வண்டி வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கும் விவசாயியிடம் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வதில் பொருளில்லை, ஏனெனில் அந்த வயலுக்கு அன்றைக்கு வேறு வழி கிடையாது. களக்காட்டு வாழைத்தாரைச் சந்தைக்கு ஏற்றும் லோடு ஆட்டோவுக்கும் இதே நிலைதான்.

இதற்கு நேர்மாறான நிலை டவுன் பஸ்ஸில் தெரியும். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். விடியல் பயணம் என்று அதற்குப் பெயர். முக்கூடல் பக்கத்தில் பீடி இலையும் தூளும் வாங்கப் போகும் ஒரு பெண்ணுக்கு, பஸ் நேரத்துக்கு வருமானால், பெட்ரோல் விலை எவ்வளவு ஏறினாலும் கைக்காசு போகாது. அவர் வீட்டில் இரண்டாவது வண்டி வாங்கும் தேவையும் தள்ளிப்போகும். வரியை உயர்த்தாமலேயே எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி இது. ஆனால் கடைசி பஸ் போய்விட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர்களுக்கு எக்ஸ்எல் வண்டிதான் துணை, அதற்குப் பெட்ரோல்தான் தேவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த டவுன் பஸ் ஓடுவதும் டீசலில்தான். டீசல் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு உயர்த்தினால், தனி வண்டிக்கு மாற்றாக நாம் காட்டும் பஸ்ஸின் செலவும் கூடிவிடும்.

வரியை உயர்த்துவதென்றால் வருகிற தொகையை மக்களிடமே திருப்பித் தருவது ஒரு வழி. கனடாவில் அப்படித்தான் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை பணம் போட்டார்கள். இருந்தும் அரசியல் எதிர்ப்பு வலுத்து 2025 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் மீதான கார்பன் கட்டணம் கைவிடப்பட்டது. இங்கே 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை நேராகக் கணக்குக்கு வந்தது என்பதால், பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் 2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பகுதி மூழ்கியது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் இறங்கும் இடம் நம் ஊராகவும் இருக்கலாம். ஆகவே எரிபொருளைக் குறைப்பது நமக்கும் வேண்டிய வேலைதான். கரியமில வாயுவின் அளவுக்கேற்ற வரி, அதை நிலக்கரியிலிருந்து தொடங்குவது, வரும் பணத்தில் பஸ்களைக் கூட்டுவது என்ற வரிசையில் அதைச் செய்ய வேண்டும்.

இப்போதே கிடைக்கும் ஒரு சலுகையையும் சொல்லிவிடுகிறேன். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர்களில் மீன்வளத்துறையில் பதிவு செய்யப்பட்ட படகுகளுக்கு, படகின் வகைக்கேற்ற ஆண்டு உச்ச அளவு வரை, மாநில விற்பனை வரி நீக்கப்பட்ட டீசல் கிடைக்கிறது. அவுட்போர்டு மோட்டார் பொருத்திய வள்ளங்களுக்கு மானிய விலை மண்ணெண்ணெயும் உண்டு. பதிவு நடப்பில் இருப்பது அவசியம். ஆனால் நீங்குவது மாநில வரி மட்டுமே. கடலில் ஓடும் படகின் டீசலிலும் சாலைக்கென்று லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் சேர்ந்தே வருகிறது. அதை நீக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்பது முற்றிலும் நியாயமானது. அந்த அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பதால், மனுவில் மாநில வரியையும் இந்த செஸ்ஸையும் பிரித்து எழுதி மத்திய நிதியமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.