தலையைத் தாழ்த்தி எச்சரிக்கும் பாலைவன வண்டு

வட அமெரிக்காவின் சொனோரா, மொஹாவி பாலைவனங்களில் எலியோடெஸ் என்றொரு கறுப்பு வண்டு இருக்கிறது. அதற்குப் பறக்க வராது, மேல் இறக்கைகள் இரண்டும் முதுகின் மேல் ஒட்டிப்போய் ஓடாகிவிட்டன (அந்த ஓட்டுக்கு அடியில் உள்ள காற்றறை உடம்பின் ஈரம் வீணாகாமல் பார்த்துக்கொள்கிறது, பாலைவனத்தில் இது சின்ன விஷயமில்லை). அப்படியிருந்தும் வெட்டவெளியில் அவசரமே இல்லாமல் நடந்து போகும்.

சீண்டினால் நின்றுவிடும். நீளமான பின்னங்கால்களை நிமிர்த்தி, தலை மண்ணைத் தொடும் அளவுக்குக் குனிந்து, பின்புறத்தை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். அதற்கும் அசரவில்லையென்றால் வயிற்று நுனியிலிருந்து நாற்றமடிக்கும் திரவம் வரும். எலியோடெஸ் லாங்கிகாலிஸ் அதைப் பீய்ச்சியே அடிக்கும், வேறு சில இனங்கள் வெறுமனே கசியவிடும், எல்லா இனங்களும் இப்படிப் பின்புறத்தைத் தூக்குவதும் இல்லை. கையில் பட்டால் பழுப்புக் கறை பிடித்துக்கொள்ளும்.

திரவத்தில் முக்கியமான சரக்கு பென்சோகுயினோன்கள் (சுருக்கமாகக் குயினோன்) என்ற வேதிப்பொருட்கள். கண்ணிலும் வாயிலும் பட்டால் கடுமையாக எரியும். ஆனால் எறும்பு போன்ற பூச்சி எதிரிகளின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருக்கிறதே, அதைத் தாண்டி உள்ளே போக வேண்டாமா? அதற்குத்தான் கூடவே ஆக்டனாயிக் அமிலமும் சில ஹைட்ரோகார்பன்களும் சேர்கின்றன. இவை திரவம் மெழுகின் மேல் பரவவும் ஊடுருவவும் உதவுகின்றன.

சரி, இவ்வளவு விஷத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டு எப்படிப் பிழைக்கிறது? கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஐஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1960-களில் இந்தத் திரவத்தைச் சுரக்கும் சுரப்பிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். விஷம் சேரும் பை, உடம்பின் வெளித்தோலே உள்பக்கம் மடிந்து உருவானது, அதனால் உட்புறம் முழுக்க அதே கடினமான தோல். சுரக்கும் செல்களுக்குள்ளும் அதே பொருளால் ஆன மிக நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. குயினோன் உருவாகும் கடைசிக் கட்டம் அந்தக் குழாய்க்குள் நடப்பதால், தயாரான விஷம் செல்லின் உயிருள்ள பகுதியைத் தொடாமலே பைக்குப் போய்விடுகிறது. பீய்ச்சியடிப்பதை விட எனக்கு இதுதான் பெரிய வித்தையாகப் படுகிறது.

அப்புறம் பின்புறத்தைத் தூக்கி நிற்கும் அந்த நிலை. குறி பார்க்க அது வசதிதான், ஆனால் அதைவிட முக்கியமாக, சரக்கைச் செலவழிக்காமலே மிரட்ட முடிகிறது. ஒரு தடவை பட்டுத் தெரிந்துகொண்ட விலங்கு அடுத்த முறை தூக்கிய பின்புறத்தைப் பார்த்ததுமே விலகிப் போகும்.

ஆனால் வெட்டுக்கிளி எலி (பூச்சிகளை வேட்டையாடித் தின்னும் ஒரு சின்ன எலி) இதற்கு மசியாது. வண்டை முன்னங்கால்களால் பிடித்து, பின்பகுதியை மண்ணுக்குள் குத்திவைத்து, தலையிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். திரவமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும், சாப்பாடு முடிந்ததும் வயிற்று நுனி அங்கேயே கிடக்கும்.

இந்த மிரட்டலை ஓசியில் பயன்படுத்திக்கொள்பவர்களும் உண்டு. கள்ளிச்செடியைத் தின்னும் மோனெய்லீமா என்ற வண்டு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதுவும் கறுப்பு, அதுவும் பறக்காது, சீண்டினால் அதுவும் பின்புறத்தைத் தூக்கும், அத்தோடு சரி, உள்ளே குயினோன் கிடையாது. எலியோடெஸின் சொந்தக் குடும்பத்திலேயே மெகாசிடா ஆப்லிட்டராட்டா இதே ஏமாற்று வேலையைச் செய்கிறது. இது செல்லுபடியாக அக்கம்பக்கத்தில் அசல் வண்டுகள் போதுமான அளவு இருந்தாக வேண்டும். போலிகள் பெருகினால், விஷமில்லாததைத் தின்று ருசி கண்ட விலங்குகள் அசலையும் கடித்துப் பார்க்கத் தொடங்கிவிடும்.