வங்கிக் கடிதத்தில் வந்த ‘மியூல்’

சென்ற மாதம் எங்கள் வங்கிக் கிளைக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் தாயாருடன் வந்தார். அவருடைய கணக்கு முடக்கப்பட்டிருந்தது. கடிதத்தில் இருந்த ‘மியூல் அக்கவுண்ட்’ என்ற சொல்லை அந்த அம்மா விரலால் தொட்டுக் காட்டி, "என் பிள்ளையைக் கழுதை என்று எழுதியிருக்கிறீர்களே, சார்" என்றார். யாரிடமோ பொருள் கேட்டிருக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. வாடிக்கையாளருக்குப் புரியாத சொல்லில் கடிதம் அனுப்பியது எங்கள் தவறு.

ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பதுதான் மியூல். தமிழில் கோவேறு கழுதை. பழைய பெயர் அத்திரி. சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும் கோவலன் அத்திரி மீதுதான் ஏறிச் செல்கிறான். அங்கே அது செல்வர் வீட்டு வாகனம். ஆங்கிலத்தில் அந்தப் பெருமை இல்லை. பிடிவாதக்காரரை மியூல் என்பார்கள். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன், முன்பிருந்த இரண்டு நூற்பு இயந்திரங்களின் நுட்பங்களை இணைத்து உருவாக்கிய இயந்திரத்துக்கும், கலப்பில் பிறந்தது என்பதால், அதே பெயர்.

நமக்கு வேண்டியது சுமை பற்றிய பொருள். மலைப்பாதையில் நடக்கும் அந்த விலங்குக்கு முதுகில் இருக்கும் மூட்டையில் என்ன என்று தெரியாது. அதை ஏற்றியவர் வேறு, இறக்குபவர் வேறு. அதனால்தான் பிறருக்காகப் போதைப்பொருளை மறைத்து எடுத்துச் செல்பவரை மியூல் என்றார்கள். மோசடிப் பணத்தைத் தன் கணக்கு வழியாகக் கைமாற்றிவிடுபவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக் கருவியின் பெயரே ‘மியூல்ஹண்டர்’.

இத்தனையையும் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. "இரவல் கணக்கு" என்றேன். உடனே மகனைத் திரும்பிப் பார்த்து, "பாஸ்புக்கை யாருக்கடா இரவல் கொடுத்தாய்?" என்று கேட்டார். மாணவர் தலை குனிந்தார். விடுதியில் பழகிய ஒருவர் மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் வாங்கிப் போயிருக்கிறார். எங்கோ ஒருவர் ஏமாந்து அனுப்பிய பணம் இந்தக் கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பறந்துவிட்டது. ஏமாந்தவர் கொடுத்த புகாரில் இருப்பது இந்த மாணவரின் கணக்கு எண். வாங்கிப் போனவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. விலங்கைப் போல "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு மனிதர் விலகிக்கொள்ள முடியாது; கார்டை நீ ஏன் கொடுத்தாய் என்ற கேள்விதான் முதலில் வரும்.

உங்கள் கணக்கில் அறிமுகமில்லாத பணம் வந்தால் அதைச் செலவழிக்காதீர்கள்; "தவறி வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள்" என்று யார் அழைத்தாலும் நீங்களாக அனுப்பவும் வேண்டாம். கிளைக்கு வந்து எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ஏமாந்தது நீங்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

அந்த மாணவர் பழைய குறுஞ்செய்திகளை அச்செடுத்துக்கொண்டு சைபர் குற்றப் பிரிவுக்குப் போய்வருகிறார். கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை.